சிறு விமான என்ஜினில் ஆயில் எவ்வளவு இருக்க வேண்டும், ஏன் வழிகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட நாட்களில், பறப்பதற்கு முன் ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பேன். ஆயில் மேல்கோட்டுக்குக் கீழே இருந்தால் உடனே ஒரு டப்பாவை உடைத்து ஊற்றிவிடுவேன். அது பொறுப்பான செயல் என்று நம்பினேன். ஒவ்வொரு மாலையும் விமானத்தின் அடிவயிற்றில், மூக்கிலிருந்து வால்வரை கறுப்பு ஆயில் கோடு நீண்டிருக்கும். துடைப்பேன், மறுநாள் மீண்டும் ஊற்றுவேன். பல மாதங்கள் கழித்து ஒரு மூத்த மெக்கானிக் என்னை நிறுத்தி, "தம்பி, நீங்கள் ஊற்றுவதை என்ஜின் வெளியே துப்புகிறது. இரண்டு பேரும் ஏன் இப்படிச் சண்டை போடுகிறீர்கள்?" என்று கேட்டார். அன்று தொடங்கிய பாடம் இது. அதன் பிறகு என்னிடம் பலர் கேட்ட கேள்விகளையும் நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உங்கள் விமானத்தின் கையேடு சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் வேறுபாடு இருந்தால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

மேல்கோடு வரை நிரப்பினால் ஆயில் ஏன் வெளியேறுகிறது?

சிறு விமானங்களில் அதிகம் காணப்படும் லைகமிங், கான்டினென்டல் நிறுவனங்களின் என்ஜின்கள் பெரும்பாலும் ஈர சம்ப் அமைப்பு கொண்டவை. ஆயிலுக்குத் தனித் தொட்டி கிடையாது. என்ஜினின் அடியில் உள்ள சம்ப் என்ற கலத்திலேயே அது தேங்கியிருக்கும். அதற்கு மேலே, புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,400 முறை சுழல்கிறது. கனெக்டிங் ராடுகளின் அடிப்பகுதியும் கிராங்க்ஷாஃப்டின் எடைகளும் காற்றைக் கிழித்துக்கொண்டு ஓடும்போது, பேரிங்குகளிலிருந்து சொட்டும் ஆயிலை அடித்துத் தெறிக்கவைக்கின்றன. சம்பில் ஆயில் மட்டம் உயர உயர, இந்தச் சூறாவளி அதன் மேற்பரப்பையும் கலக்கத் தொடங்குகிறது. ஆயில் நுரையாகவும் மென்மூட்டமாகவும் மாறுகிறது.

இதனுடன் இன்னொன்றும் சேர்கிறது. எவ்வளவு நல்ல பிஸ்டன் ரிங்காக இருந்தாலும் எரிந்த வாயுவில் ஒரு சிறு பங்கு அதைத் தாண்டிக் கீழே கசியும். அந்த வாயு கிராங்க்கேசுக்குள், அதாவது கிராங்க்ஷாஃப்டைச் சூழ்ந்த உறைக்குள், அடைபட்டால் அழுத்தம் ஏறி சீல்களைப் பிதுக்கிவிடும். அதனால்தான் என்ஜினுக்கு ஒரு மூச்சுக்குழாய் வைத்திருக்கிறார்கள். பட்டறையில் பிரீதர் என்பார்கள். கசிந்த வாயு அதன் வழியே வெளியேறும்போது, வழியில் மிதக்கும் ஆயில் மூட்டத்தையும் அள்ளிக்கொண்டு போகிறது. மூட்டம் அடர்த்தியாக இருந்தால் அதிகம் போகும். மெல்லியதாக இருந்தால் கொஞ்சம் போகும்.

ஆகவே முதல் ஒரு குவார்ட் (ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு) விரைவாகக் குறைகிறது. பிறகு ஏதோ ஒரு மட்டத்தில், கிராங்க்ஷாஃப்டின் காற்று ஆயிலை எட்டாத இடத்தில், குறைவது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதுதான் அந்த என்ஜின் விரும்பும் மட்டம். ஒரே மாடலின் இரண்டு என்ஜின்களில்கூட அது சற்று வேறுபடலாம்.

அப்படியானால் எத்தனை குவார்ட் வைத்திருக்க வேண்டும்?

சிறு விமான உலகில் அளவு குவார்ட்டில்தான் பேசப்படுகிறது. ஒரு அமெரிக்க குவார்ட் 0.946 லிட்டர். செஸ்னா 152, செஸ்னா 172என் ஆகிய சிறு விமானங்களின் கையேடுகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: டிப்ஸ்டிக்கில் 4 குவார்ட்டுக்குக் கீழே இருந்தால் இயக்கக் கூடாது, மூன்று மணி நேரத்துக்குக் குறைவான வழக்கமான பறப்புக்கு 5 குவார்ட் போதும், நீண்ட பறப்புக்கு 6. அந்த 5 குவார்ட்டுக்கு அவர்கள் சொல்லும் காரணம், பிரீதர் வழியாக ஆயில் வீணாவதைக் குறைப்பது. தயாரிப்பாளரே அச்சிட்டுச் சொன்ன அந்த ஒற்றை வரியைத்தான் நான் மாதக்கணக்கில் படிக்காமல் இருந்தேன்.

லைகமிங் ஓ-320, ஓ-360 வகைகளில் பலவற்றுக்கு சம்பின் கொள்ளளவு 8 குவார்ட். அவற்றில் பெரும்பாலானவை 6 அல்லது 6½ குவார்ட்டில் அமைதியாக நிற்பதையே நான் கண்டிருக்கிறேன். 8 வரை நிரப்பினால் அடுத்த சில மணி நேரத்தில் 7 ஆகும், கொஞ்ச நாளில் 6½ ஆகும், அங்கேயே நிற்கும்.

8 தேவையில்லை என்றால் எதற்காக 8 கொள்ளும்படி செய்தார்கள்?

சான்றளிப்பு விதிகளின் தர்க்கம் இதற்குப் பின்னால் இருக்கிறது. எரிபொருள் தீரும்வரை விமானம் பறந்தாலும், அனுமதிக்கப்பட்ட உச்ச அளவில் என்ஜின் ஆயிலைக் குடித்தாலும், கடைசிவரை ஆயில் போதுமானதாக இருக்க வேண்டும். அதற்கு மேலும் கொஞ்சம் மிச்சம் வேண்டும். 8 குவார்ட் சம்ப் கொண்ட லைகமிங் என்ஜின்களில் பாதுகாப்பான குறைந்தபட்ச அளவு 2 குவார்ட் என்று என்ஜின் கையேடு குறிப்பிடுகிறது. மீதி 6 குவார்ட் தேய்ந்துபோன என்ஜினுக்கும் நீண்ட பயணத்துக்குமான சேமிப்பு.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். அந்த 2 குவார்ட் என்பது என்ஜினுக்கான எல்லை. நீங்கள் புறப்படுவதற்கான எல்லை அல்ல. புறப்படுவதற்கான குறைந்தபட்ச அளவை விமானத்தின் கையேடு தனியே தருகிறது. அதற்குக் கீழே இருந்தால் பறக்கக் கூடாது. "என்ஜின் 2 குவார்ட்டிலும் ஓடுமாமே" என்று 4 குவார்ட்டுடன் நான்கு மணி நேரப் பயணத்துக்குக் கிளம்பிய ஒருவரை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். ஏறும் கோணத்திலும் காற்றுக் குலுக்கலிலும் ஆயில் சம்பின் ஒரு பக்கம் ஒதுங்கும்; உறிஞ்சும் வாய் அதில் மூழ்கியே இருக்க வேண்டும்.

என் என்ஜினின் மட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பொறுமையும் ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். ஆயில் மாற்றும்போது கையேடு அனுமதிக்கும் அளவில், மேல்கோட்டை விட ஒன்று அல்லது ஒன்றரை குவார்ட் குறைவாக ஊற்றுங்கள். சில நிமிடங்கள் என்ஜினை ஓட்டி, ஃபில்டர் நிரம்பிய பிறகு அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பறப்புக்கும் முன் அளவு, அன்றுவரையான என்ஜின் மணி நேரம், ஊற்றியிருந்தால் எவ்வளவு என்று எழுதி வாருங்கள். ஐந்தாறு பறப்புகளில் ஒரு போக்கு புலப்படும்.

அடுத்த ஆயில் மாற்றத்தில் அரை குவார்ட் கூட்டிப் பாருங்கள். அந்த அரை குவார்ட் முதல் இரண்டு மணி நேரத்திலேயே காணாமல் போய், அடிவயிற்றில் கோடாகத் தெரிந்தால், முந்தைய மட்டம்தான் உங்களுடையது. அதன்பின், அந்த மட்டத்திலிருந்து ஒரு முழு குவார்ட் குறையும்வரை ஊற்றாதீர்கள். ஆனால் கையேட்டின் குறைந்தபட்சத்துக்கும் அன்றைய பயணத்துக்கும் போதுமான இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானத்தைப் பலர் பகிர்ந்து ஓட்டினால் இந்த ஏற்பாடு எளிதில் குலைந்துபோகும். ஒருவர் 6 என்று வைத்ததை அடுத்தவர் "குறைகிறதே" என்று 8 ஆக்குவார். ஆயில் ஊற்றும் மூடியின் அருகே, எத்தனையில் ஊற்ற வேண்டும், எதைத் தாண்டக் கூடாது என்று ஒரு சிறு தாளில் எழுதி ஒட்டுங்கள். நான் பார்த்தவற்றுள் அதிகம் மிச்சப்படுத்திய கருவி அந்தத் தாள்தான்.

காலையில் பார்த்தால் ஒரு அளவு, இறங்கியதும் பார்த்தால் வேறு அளவு. எது சரி?

இரண்டும் அந்தந்த நேரத்து உண்மைதான். என்ஜின் நின்றவுடன் ஆயிலின் ஒரு பங்கு சிலிண்டர் தலைகளிலும் உட்சுவர்களிலும் இன்னும் வழிந்துகொண்டிருக்கும். உடனே பார்த்தால் குறைவாகக் காட்டும். இரவு முழுக்க நின்ற விமானத்தில் எல்லாம் கீழே இறங்கிவிடும். இந்த இரண்டுக்கும் அரை குவார்ட் வரை வேறுபாடு வருவதை நான் பார்த்திருக்கிறேன். இறங்கியதும் பார்த்து "ஐயோ குறைந்துவிட்டது" என்று ஊற்றுவதும், மறுநாள் காலை மட்டம் கூடியிருப்பதைக் கண்டு குழம்புவதும் இதனால்தான். குறைந்தது பத்து நிமிடம் காத்திருங்கள். அதைவிட முக்கியம், எப்போதும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அளப்பது. எனக்குக் குளிர்ந்த என்ஜின்தான் பிடித்தது.

விமானம் சமதளத்தில் நிற்க வேண்டும். மூக்குச் சக்கரத்தைத் தாங்கும் காலான ஸ்ட்ரட்டில் காற்று குறைந்து மூக்கு தாழ்ந்திருந்தாலும் அளவு மாறும். வால்சக்கர விமானத்தில் டிப்ஸ்டிக்கின் கோடுகள் வால் தரையில் இருக்கும் நிலைக்காகக் குறிக்கப்பட்டவையா என்று உறுதிசெய்யுங்கள்.

டிப்ஸ்டிக்கையே நம்ப முடியுமா?

எப்போதும் முடியாது. ஒரே என்ஜின் வெவ்வேறு விமானங்களில் வெவ்வேறு கோணத்தில் பொருத்தப்படுகிறது. குழாயின் நீளமும் மாறும். அதற்கேற்ப டிப்ஸ்டிக்கும் மாறும். பழைய விமானத்தில் எப்போதோ தொலைந்துபோன டிப்ஸ்டிக்குக்குப் பதிலாக வேறொன்றைச் செருகியிருக்கலாம். சரிபார்க்க ஒரு வழி உண்டு: ஆயிலை முழுதும் வடித்த பிறகு ஒவ்வொரு குவார்ட்டாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் சற்றுப் பொறுத்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஐந்தாவது குவார்ட் ஊற்றியபோது குச்சி 5 என்று காட்டுகிறதா? ஃபில்டரும் ஆயில் கூலரும் கொஞ்சம் குடிக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புது ஆயில் தெளிந்த, வெளிர்ந்த தேன்போல இருப்பதால் குச்சியில் கண்ணுக்குத் தெரியாது. துடைத்து, மீண்டும் செருகி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

ரோட்டாக்ஸ் 912 என்ஜினுக்கும் இதே விதியா?

இல்லை. இலகுரக விமானங்களில் வரும் அந்த என்ஜினில் இருப்பது உலர் சம்ப் அமைப்பு. ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. பம்ப் அங்கிருந்து உறிஞ்சி என்ஜினுக்கு அனுப்புகிறது. திரும்பி வருவதற்குத் தனிப் பம்ப் கிடையாது. பிஸ்டன்களைத் தாண்டிக் கசியும் வாயுவின் அழுத்தமே கிராங்க்கேசின் அடியில் சேரும் ஆயிலைத் தொட்டிக்குத் தள்ளுகிறது. மற்ற என்ஜின்களில் தொல்லையாக இருக்கும் கசிவு வாயு இங்கே வேலைக்காரனாகிறது. அழகான யோசனை அது.

அதனால்தான் நின்றிருந்த ரோட்டாக்ஸில் டிப்ஸ்டிக்கை அப்படியே உருவிப் பார்த்தால் தவறான அளவு கிடைக்கும். ஆயிலில் ஒரு பகுதி இன்னும் என்ஜினுக்குள்ளேயே கிடக்கும். இரண்டு இக்னிஷன் சுவிட்சுகளையும் அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, அணைத்திருந்தாலும் என்ஜின் கிளம்பக்கூடும் என்ற எச்சரிக்கையோடு, புரொப்பெல்லரை அது சுழலும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். கம்ப்ரெஷன் வந்து சுற்றுவது கடினமாகும் இடத்தில் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் வாயு நன்றாகக் கசியும். தொட்டியின் வாயில் காதை வைத்தால், ஆயில் முழுதும் வந்து காற்று வரத் தொடங்கியதும் கொப்பளிக்கும் ஓசை கேட்கும். அப்போது அளக்க வேண்டும். எதிர்த்திசையில் சுற்றவே கூடாது. ஆயில் பாதையில் காற்று புகுந்து வால்வு அமைப்பைப் பாதிக்கும்.

இந்தச் சுற்றலைச் செய்யாமல் குறைவு என்று நினைத்து ஊற்றுபவர்கள்தான் ரோட்டாக்ஸில் வழிதலுக்கு முதல் காரணம். என்ஜின் ஓடியதும் உள்ளே இருந்த ஆயிலும் தொட்டிக்கு வந்து, மிகுந்தது தொட்டியின் காற்றுக்குழாய் வழியே வெளியேறும். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் இடையே வெறும் 0.45 லிட்டர்தான். நீண்ட பறப்புக்கு நடுக்கோட்டுக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். கீழ்கோட்டுக்குக் கீழே போகவிடாதீர்கள். பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கினால் இந்த என்ஜின் மன்னிக்காது.

எவ்வளவு ஆயில் செலவானால் இயல்பு?

லைகமிங் உச்ச வரம்புக்கு ஒரு கணக்கு தந்திருக்கிறது: 0.006 பெருக்கல் குதிரைத்திறன் பெருக்கல் 4, வகுத்தல் 7.4. விடை மணிக்கு எத்தனை குவார்ட் என்பது. 0.006 என்பது ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு இத்தனை பவுண்டு ஆயில்; 7.4 என்பது ஒரு கேலன் ஆயிலின் எடை; 4 என்பது கேலனுக்கு நான்கு குவார்ட். 160 குதிரைத்திறன் என்ஜினுக்கு மணிக்கு 0.52 குவார்ட், 180க்கு 0.58 குவார்ட் வருகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குவார்ட்! இது எல்லைக்கோடு, அந்த அளவைத் தொடும் என்ஜினை நான் நல்ல என்ஜின் என்று சொல்ல மாட்டேன். ஆரோக்கியமான நான்கு சிலிண்டர் என்ஜின் ஒரு குவார்ட்டில் எட்டு, பத்து, பதினைந்து மணி நேரம்கூட ஓடும்.

அளவைவிட மாற்றத்தைப் பாருங்கள். எப்போதும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு குவார்ட் குடிக்கும் என்ஜின் அப்படியே தொடர்ந்தால் அது அதன் சுபாவம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு குவார்ட் குடித்தது திடீரென்று ஐந்து மணி நேரத்துக்கு ஒன்று கேட்டால், கணக்கின்படி எல்லைக்குள் இருந்தாலும் என்ஜினை மூடியிருக்கும் கவுலிங்கைத் திறக்க வேண்டிய நாள் அது. ஒரு துளிகூடக் குறையாத என்ஜினும் என்னை யோசிக்கவைக்கும். எரிபொருளோ ஈரமோ ஆயிலில் கலந்து மட்டத்தைத் தாங்கிப் பிடிக்கிறதா என்று, ஆயிலை முகர்ந்து பாருங்கள்.

ஆயில் எங்கே போகிறது என்று எப்படிக் கண்டறிவது?

மூன்று வழிகள்தான் உண்டு: எரிகிறது, கசிகிறது, அல்லது பிரீதர் வழியே ஊதப்படுகிறது. எதைத் தேடுவதானாலும் முதலில் என்ஜினையும் அடிவயிற்றையும் நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். அழுக்கான என்ஜினில் புதுக் கசிவைத் தேடுவது வீண் வேலை. பிறகு ஒரு சிறு பறப்பு. இறங்கியதும் கவுலிங்கைக் கழற்றி, டார்ச் விளக்குடன் பாருங்கள்.

எரிந்தால் தடயம் எக்ஸாஸ்ட்டிலும் ஸ்பார்க் பிளக்கிலும் இருக்கும். கீழ் பிளக்குகள் ஈரமாகக் கறுத்திருந்தால் ரிங்குகளையோ வால்வு கைடுகளையோ சந்தேகிக்கலாம். கசிந்தால் ஈரத்தின் மிக உயரமான, மிக முன்பக்கமான புள்ளியைத் தேடுங்கள். காற்று ஆயிலைப் பின்னோக்கித் தள்ளுவதால், நீங்கள் பார்க்கும் இடம் கசியும் இடமாக இருக்காது. ராக்கர் மூடியின் கேஸ்கெட், புஷ்ராடு குழாய் சீல்கள், ஃபில்டரின் அடிப்பாகம், ஆயில் கூலர் குழாய்கள், வேக்வம் பம்ப் பொருத்தும் இடம், வடிகால் வால்வு ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். முன்கண்ணாடியில் ஆயில் தெறித்தால் புரொப்பெல்லர் பக்கம் உள்ள கிராங்க்ஷாஃப்ட் சீல்; அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பிரீதர் வழியே போனால் குழாயின் வாயிலிருந்து ஒரே கோடாகப் பின்னோக்கிப் படிந்திருக்கும். ஆயில் மட்டத்தைக் குறைத்தும் அது நிற்கவில்லை என்றால் கசிவு வாயு அதிகமாகியிருக்கிறது. அப்போது சிலிண்டர்களின் கம்ப்ரெஷன் சோதனைதான் அடுத்த படி. 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். மானி காட்டும் அளவைவிட ஓசை அதிகம் சொல்லும். ஆயில் மூடியைத் திறந்து காது கொடுத்தால் காற்று சீறுகிறதா? ரிங்குகள். எக்ஸாஸ்ட் குழாயில் சீறுகிறதா? எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் வழிவதற்கு அது காரணம் இல்லை என்றாலும், கண்டுபிடித்தது நல்லதே.

நலமான என்ஜினிலும் பிரீதர் குழாயின் முனை காற்றோட்டத்தில் தவறான கோணத்தில் வெட்டப்பட்டிருந்தால், வெளியே ஓடும் காற்றே உள்ளிருந்து உறிஞ்சும். எக்ஸாஸ்ட் மாற்றியபோதோ கவுலிங் பழுதுபார்த்தபோதோ அந்த முனை நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பிரீதர் குழாயில் பக்கவாட்டில் ஒரு ஓட்டை இருக்கிறது. உடைந்திருக்கிறதா?

இல்லை, அதை அடைத்துவிடாதீர்கள்! ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உருவாகிறது. அதில் ஒரு பங்கு கசிவு வாயுவோடு கிராங்க்கேசுக்குள் வந்து, பிரீதர் வழியே வெளியேறுகிறது. கடுங்குளிரில் பறக்கும்போது குழாயின் வெளிமுனையில் அது பனிக்கட்டியாக உறைந்து வாயை அடைக்கலாம். மூச்சடைத்த என்ஜினில் அழுத்தம் ஏறி, புரொப்பெல்லர் பக்கச் சீல் பிதுங்கி, சில நிமிடங்களில் ஆயில் முழுவதும் வெளியே கொட்டிவிடும். கவுலிங்குக்குள், சூடான பகுதியில் இருக்கும் அந்தத் துளை அப்போது மாற்று வழியாகத் திறந்திருக்கும். ஒவ்வொரு பரிசோதனையிலும் அது சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். "ஆயில் தெறிக்கிறது" என்று டேப் சுற்றிவைத்த ஒரு விமானத்தை நான் பார்த்தேன். அன்று முழுக்க மனம் பதறியது.

ஆயில் பிரிப்பான் பொருத்தலாமா?

பொருத்தலாம், உங்கள் விமானத்துக்கு அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பிரீதரிலிருந்து வரும் மூட்டத்தை ஒரு சிறு கலத்தில் சுழலவிட்டு, ஆயிலைப் பிரித்துத் திருப்பி அனுப்பும். அடிவயிறு சுத்தமாகும். ஆனால் ஆயிலோடு தண்ணீரும் அமிலக் கழிவும் கொஞ்சம் திரும்பிப் போகக்கூடும் என்பதால் எனக்கு அதில் முழு மனம் இல்லை. முதலில் மட்டத்தைக் குறைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பிரிப்பானுக்குத் தேவையே எழாது.

தவறுதலாக அதிகம் ஊற்றிவிட்டேன். வடிக்க வேண்டுமா?

அனுமதிக்கப்பட்ட உச்சத்துக்குள் இருந்தால் வேண்டாம். என்ஜினே வெளியேற்றிக்கொள்ளும், நீங்கள் துடைக்க வேண்டியிருக்கும். உச்சத்தைத் தாண்டியிருந்தால் வடித்தே ஆக வேண்டும். வடிகால் வால்வு வழியே எடுக்கலாம், அல்லது டிப்ஸ்டிக் குழாயில் சுத்தமான குழாய் விட்டு உறிஞ்சலாம். வால்வைத் திறந்தால், மூடிய பிறகு அது முழுதும் பூட்டிக்கொண்டதா என்று இரண்டு முறை பாருங்கள்.

கைக்குக் கிடைத்த ஆயிலை ஊற்றி நிரப்பலாமா?

கார் ஆயிலை லைகமிங்கிலோ கான்டினென்டலிலோ ஊற்றவே கூடாது. அதிலுள்ள உலோகச் சேர்க்கைகள் எரியும்போது சாம்பலாகி எரிகலத்தில் படியும். அந்தப் படிவு தணலாகிக் கலவையைக் காலத்துக்கு முன்பே பற்றவைக்கும். பிஸ்டனில் ஓட்டை விழும். இந்த என்ஜின்களுக்கு எஸ்ஏஇ ஜே1899 தரத்துக்கு உட்பட்ட, சாம்பல் தராத விமான ஆயில். புது சிலிண்டர் பழகும் காலத்தில் பெரும்பாலும் ஜே1966 தரத்து மினரல் ஆயில். டப்பாவில் 100 என்று இருந்தால் அது எஸ்ஏஇ 50 தடிமன், 80 என்றால் எஸ்ஏஇ 40. இந்த எண்களைக் குழப்பிக்கொள்பவர்கள் பலர். ரோட்டாக்ஸின் கியர்பாக்ஸும் அதே ஆயிலில்தான் நனைகிறது. எனவே அதன் தயாரிப்பாளர் பட்டியலிட்ட ஆயில் மட்டுமே.

மட்டம் சரியாக இருப்பதால் ஆயில் நலமாக இருக்கிறது என்று ஆகாது. ஆயில் முழுவதும் கடந்துபோகும் முழு ஓட்ட ஃபில்டர் இருந்தால் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை, வெறும் சல்லடை என்றால் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை, எப்படியானாலும் நான்கு மாதத்துக்குள் மாற்றச் சொல்கிறது லைகமிங். மூடியின் உட்புறத்தில் வெளிர்மஞ்சள் பசை தெரிந்தால் ஈரம் தங்கியிருக்கிறது. தரையில் பத்து நிமிடம் ஓட்டி அணைப்பது அதை அதிகமாக்கும். ஆயில் 82 டிகிரி செல்சியஸை எட்டும்படி நன்றாகப் பறந்துவிட்டு வாருங்கள்.

புது சிலிண்டர்கள் பொருத்திய பிறகு ஆயில் நிறையச் செலவாகிறது. சரியா?

கொஞ்ச காலத்துக்குச் சரி. ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு உராய்ந்து பொருந்தும்வரை அப்படித்தான். அந்தக் காலத்தில் மென்மையாக ஓட்டுவது கருணை போலத் தோன்றும், உண்மையில் கெடுதல். குறைந்த சக்தியில் ஓட்டினால் ரிங்குகளுக்குப் பின்னால் அழுத்தம் போதாது. சுவரில் ஆயில் பளபளப்பாக இறுகி, ரிங்குகள் என்றுமே பொருந்தாமல் போகும். 65 முதல் 75 சதவீதச் சக்தியில் ஓட்டுங்கள்.

பறக்கும்போது ஆயில் அழுத்தம் விழுந்தால்?

உடனே ஆயில் வெப்பமானியைப் பாருங்கள். அழுத்தம் குறைந்து வெப்பம் இயல்பாகவே இருந்தால், அழுத்தமானியோ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வோ பழுதாகியிருக்கலாம். அருகிலுள்ள விமான நிலையத்தில் இறங்கிச் சரிபார்க்கவும். அழுத்தம் முற்றிலும் போய், வெப்பமும் ஏறினால், என்ஜின் நிற்கப்போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். சக்தியை உடனே குறைத்து, இறங்க இடம் தேடுங்கள். அங்கே போய்ச் சேரும்வரை தேவையான அளவு சக்தியை மட்டும் பயன்படுத்துங்கள்.

தொடக்கத்திலும் இதே கவனம் வேண்டும். என்ஜின் கிளம்பிய 30 நொடிக்குள் அழுத்தம் காட்டாவிட்டால் அணைத்துவிடுங்கள். கடுங்குளிரில் ஒரு நிமிடம் வரை பொறுக்கலாம்.

ஆயில் ஊற்றும்போது மறக்கக் கூடாதது எது?

மூடி. ஊற்றிக்கொண்டிருக்கும்போது யாராவது பேச்சுக் கொடுப்பார்கள், தொலைபேசி ஒலிக்கும். மூடி என்ஜின் மேலேயே இருக்க, கவுலிங் கதவு சாத்தப்படும். மேலே ஏறியதும் ஆயில் வழிந்து, கண்ணாடியெல்லாம் படிந்து, முன்னால் எதுவும் தெரியாமல் போகலாம். நான் மூடியைக் கழற்றிய நொடியிலிருந்து மீண்டும் திருகும்வரை அதை இடது கையிலேயே வைத்திருப்பேன். கை காலியாகும்வரை யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன். திருகும்போது கை விரல்களின் பலம் போதும். மிக இறுக்கினால், சூடான என்ஜினில் அடுத்தவர் அதைத் திறக்க முடியாமல் தவிப்பார். பார்க்காமலேயே கிளம்பிவிடவும் கூடும்.